"நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடியது": பழைய டியூன் பக்கி வாங்கப் போகும் தம்பிக்கு

ஃபீனிக்ஸில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி சுருக்கமாக இதுதான்: பக்கத்து ஊரில் ஒருவர் ஃபைபர்கிளாஸ் பாடி வைத்து ஃபோக்ஸ்வாகன் இன்ஜின் போட்ட பழைய டியூன் பக்கி, அதாவது மணல்மேட்டில் ஓட்டும் சின்னத் திறந்த வண்டி, ஒன்றை 3,800 டாலருக்கு விற்கிறார். ஆறு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. "நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடியது" என்கிறார். பேப்பர் வீட்டில் எங்கேயோ இருக்கிறதாம், தேடித் தருகிறாராம். வாங்கலாமா, வாங்கினால் தானே சரிசெய்து இந்தக் குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவிலுள்ள கிளாமிஸ் மணல்மேட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?

வாங்கலாம், கொண்டும் போகலாம். ஆனால் அந்த விலைக்கு வேண்டாம், பேப்பர் கைக்கு வராமல் வேண்டவே வேண்டாம்.

நான் சான் டியாகோ பக்கம் இருக்கிறேன். இதுவரை இரண்டு வண்டி கைமாறியிருக்கிறது. முதலில் வெறும் குழாய்ச் சட்டத்தில் செய்த சாண்ட் ரெயில், அப்புறம் உங்களுடையதைப் போலவே ஒரு ஃபைபர்கிளாஸ் பக்கி. இரண்டாவதை 3,200 கொடுத்து வாங்கினேன், மணலில் இறக்குவதற்குள் இன்னொரு 4,600 போயிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். அந்த 4,600இல் இன்ஜினுக்குப் போனது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வாங்கப் போகிற எல்லாரும் நேராகப் பின்னால் போய் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் ஏர் கூல்டு இன்ஜின் இந்த வண்டியில் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய சாமான், நான்கு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், உதிரிபாகம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. பேப்பர், அடித்தளம், கியர்பாக்ஸ், இந்த வரிசையில் பாருங்கள். இன்ஜின் நான்காவது.

அடித்தளம் ஏன் முக்கியம் என்று புரிய இந்த வண்டியின் பிறப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1964இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் என்பவர், படகு கட்டுகிறவர், படகுக்குப் போடும் ஃபைபர்கிளாஸிலேயே ஒரு பக்கி செய்து அதில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பாகங்களைப் பூட்டினார். வாலில்லாத மான்க்ஸ் பூனையின் பெயரை வைத்து மேயர்ஸ் மான்க்ஸ். முதல் பன்னிரண்டு வண்டிகளில் பாடியே சேஸிஸ், செய்வதற்குச் செலவு அதிகம். பிறகுதான் பீட்டிலின் அடித்தட்டையே எடுத்து, குட்டையாக வெட்டி ஒட்டி, மேலே பாடியைக் கவிழ்க்கும் முறைக்கு வந்தார். 1967இல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த பந்தயத்தில் ஒரு மேயர்ஸ் மான்க்ஸ்தான் ஜெயித்தது, 27 மணி 38 நிமிடம். அதற்குப் பிறகு ஊரெல்லாம் காப்பியடித்தார்கள். மேயர்ஸ் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். இன்றைக்குத் தெருவில் பார்க்கிற பெரும்பாலான பக்கிகள் அந்தக் காப்பிகள்தான், உங்களுடையதும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை. "ஒரிஜினல் மான்க்ஸ்" என்று சொல்லி விலையை ஏற்றினால் மட்டும் ஆதாரம் கேளுங்கள்.

சரி, அடித்தட்டு. பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,400 மில்லிமீட்டர். மான்க்ஸ் வகைப் பாடிக்கு அதில் கிட்டத்தட்ட 37 சென்டிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப வெல்டிங் வைக்க வேண்டும். அறுபது எழுபதுகளில் இதை வீட்டு வாசலில் வாடகை வெல்டிங் மெஷினை வைத்துக்கொண்டு இருபது வயதுப் பையன்கள் செய்தார்கள். அந்த வெல்டிங் மேல்தான் நீங்களும் உங்கள் பிள்ளையும் உட்காரப் போகிறீர்கள். சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பைச் சுருட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், குறுக்கே ஒரு கோடு ஓடும். நல்ல வேலை என்றால் கோடு நேராக, மேலேயும் கீழேயும் பற்றியிருக்கும். மோசமான வேலை இட்லி மாவு சிந்தியது மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும், பெரும்பாலும் மேலே கறுப்புத் தார் பூசி மறைத்திருப்பார்கள். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போய் அந்தத் தாரைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். நடுவில் ஓடும் டனல் இருக்கிறதே, அதுதான் இந்த வண்டியின் முதுகெலும்பு, அதைச் சுற்றி முழுவதும் வெல்டிங் வந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அப்புறம் டேப்பை எடுத்துக் குறுக்காக அளந்து பாருங்கள்: இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூலை, வலது முன் மூலையிலிருந்து இடது பின் மூலை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம், விட்டுவிட்டேன். அரை அங்குலம் என்றால் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அங்கேயே குனிந்திருக்கும்போது ரோல் பாரையும், அதாவது வண்டி உருண்டால் தலையைக் காக்க வேண்டிய குழாயையும், பாருங்கள். பல வண்டிகளில் அது அழகுக்கு வைத்த சைலன்சர் குழாய், ஃபைபர்கிளாஸில் மட்டும் நான்கு போல்ட் போட்டு நிறுத்தியிருப்பார்கள். வண்டி உருண்டால் அது முட்டை ஓட்டில் குத்திய ஊசி மாதிரி பிய்த்துக்கொண்டு வரும். கெட்டியான குழாயாக, அடித்தட்டிலேயே தகடு கொடுத்துப் பிடித்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட் எப்படி இருந்தாலும் கழற்றிப் போட்டுவிடுங்கள், அரிசோனா வெயில் தின்ற நூலை நம்பக் கூடாது.

கியர்பாக்ஸ் விஷயத்தில் ஓடாத வண்டியில் பாதிதான் தெரியும். ஓடுகிற வண்டி என்றால் இரண்டாவது கியரிலும் நான்காவதிலும் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டு டக்கென்று காலை எடுங்கள், கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் உள்ளே வேலை இருக்கிறது. ஓடாத வண்டியில் 17 மில்லிமீட்டர் ஆலன் கீ கொண்டுபோய் அடியிலுள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அதில் காந்தம் உண்டு. காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சகஜம். பல்லுடைந்த துணுக்கு ஏதாவது இருந்தால் பேரம் அங்கிருந்து வேறு மாதிரி ஆரம்பிக்க வேண்டும்.

பின்பக்க ஆக்ஸில் எந்த வகை என்றும் கவனியுங்கள். அமெரிக்காவுக்கு வந்த சாதாரண கியர் பீட்டிலில் 1969 மாடல் முதல்தான் இரண்டு முனையிலும் ஜாயின்ட் வைத்த ஐஆர்எஸ் (இண்டிபெண்டன்ட் ரியர் சஸ்பென்ஷன்). அதற்கு முந்தையது ஸ்விங் ஆக்ஸில், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரம் உள்பக்கம் மடங்கும். மணலில் நிதானமாக ஓட்ட அது போதும், குதிக்க ஆசைப்பட்டால் ஐஆர்எஸ்தான். முன்பக்கம் இதற்கு நேர் எதிர்: 1965 வரை வந்த பழைய லிங்க் பின் அமைப்புக்குத்தான் மணல் ஆட்களிடம் மவுசு.

இப்போது இன்ஜின். ஓடாத இன்ஜினிலும் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இருக்கிறது. பின்னால் கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து, சுற்றாமல், உங்களை நோக்கி இழுத்து அப்படியே உள்ளே தள்ளுங்கள். அசைவே தெரியக் கூடாது, தெரிந்தாலும் மயிரிழைதான். "டக் டக்" என்று கைக்குத் தட்டுப்பட்டால் கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று அர்த்தம், 0.15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கேஸையே பிரிக்க வேண்டும். அடுத்தது ஏர் ஃபில்டர். அதைக் கழற்றி, கார்பரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் நறநறவென்று மணல் வந்தால் அதே மணல் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது, விற்பவர் எவ்வளவு நன்றாக ஓடியது என்று சொன்னாலும் பிஸ்டனும் ரிங்கும் மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள்.

பேப்பருக்கு வருகிறேன். அடித்தட்டை வைத்துக் கட்டிய பக்கி பெரும்பாலும் ஆவணத்தில் அந்தப் பீட்டிலாகவே இருக்கும், 1966 ஃபோக்ஸ்வாகன் என்கிற மாதிரி. டனலில் அடித்திருக்கும் எண்ணும் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், உள்ள எண்ணும் ஒன்றா என்பதுதான் கேள்வி. "வெறும் விற்பனைச் சீட்டு போதும், எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்" என்று சொல்வார்கள். டைட்டில் இல்லாத வண்டிக்கு அரிசோனாவில் பாண்ட் (ஈட்டுப் பத்திரம்) கட்டி டைட்டில் வாங்கும் வழி இருக்கிறது. ஆனால் அந்த அலைச்சலும் பணமும் விற்பவருடையதாக இருக்கட்டும். திருட்டு வண்டியின் அடித்தட்டாக இருந்தால் அது நீங்கள் செலவழித்த பிறகுதான் தெரியவரும்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஒன்று: இந்த வண்டியின் எடை எல்லாம் பின்னால் இருக்கிறது. டிரெய்லரில் மூக்கு முன்னால் இருக்கும்படி ஏற்றி, எடை டிரெய்லரின் அச்சுக்குப் பின்னால் விழுந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். ரிவர்ஸில் ஏற்றுங்கள், அல்லது முடிந்தவரை முன்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள்.

வந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கத் துடிக்கும். ஒரு வாரம் பொறுங்கள். நான் முதல் வண்டியில் அந்தப் பொறுமை இல்லாமல் ஸ்டார்ட் செய்து, ஓடுகிறது ஓடுகிறது என்று வீடியோ எல்லாம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பத்தாவது நிமிடம் ஒரு மாதிரி கருகல் வாடை. நிறுத்திவிட்டு ஃபேன் ஷ்ரௌடை, அதாவது ஃபேன் காற்றைச் சிலிண்டருக்குத் திருப்பிவிடும் தகர மூடியை, தூக்கினால் உள்ளே எலிக்கூடு. சோபாப் பஞ்சு, கள்ளி முள், யாரோ சாப்பிட்ட சிப்ஸ் பாக்கெட்டின் ஜிகினாத் தாள், எல்லாம் இரண்டு சிலிண்டர் மேல் மெத்தை மாதிரி. இது காற்றில் குளிரும் இன்ஜின், தண்ணீர் கிடையாது, அந்தத் தகர மூடிதான் ரேடியேட்டர். பாலைவனத்தில் ஆறு வருடம் நின்ற வண்டியில் கூடு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஷ்ரௌடைக் கழற்றியே ஆக வேண்டும், ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

கழற்றியபோது சிலிண்டர்களுக்குக் கீழேயும் இடையிலும் வரும் சின்னத் தகரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். "பக்கி திறந்த வண்டிதானே, காற்று தானாக வரும்" என்று யாராவது தூக்கி எறிந்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் காற்று ஃபின்களைச் சுற்றாமல் நேராகக் கீழே போய்விடும். பழைய ஷ்ரௌடில் ஆயில் கூலர் மூன்றாவது சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும், அதனால்தான் இந்த இன்ஜின்களில் எப்போதும் மூன்றாவதே முதலில் போகும். 1971 மாடலில் கூலரை வெளியே தள்ளித் தனிப் பாதை கொடுத்தார்கள். உங்களிடம் பழையது இருந்தால் அந்தப் புதிய ஷ்ரௌடை வாங்கிப் போடுங்கள், மணலில் வேகம் குறைவு, சுமை அதிகம், சூடு தாங்காது.

ஆயில் இரண்டரை லிட்டர்தான், ஒரிஜினலில் ஃபில்டரே கிடையாது, ஒரு வலை மட்டும். வலையின் தட்டைப் பிடித்திருக்கும் ஆறு சின்ன நட்டுகளை மணிக்கட்டின் பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தோள் பலத்தைக் காட்டினால் ஸ்டட் பிய்ந்து வரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, புல்லி போல்ட்டில் 30 மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் டேப்பெட் (வால்வு) இடைவெளியைச் சரிசெய்யுங்கள், இன்ஜின் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருக்கும்போது, 0.15 மில்லிமீட்டர். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரை அடித்து ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்த பிறகு பிளக்கைப் போடுங்கள்.

பெட்ரோல் பக்கம் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். டேங்க்கைக் கழற்றிக் கழுவுங்கள், ஹோஸ் எல்லாம் புதிது. இதில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் அந்தப் பித்தளைக் குழாய் த்ரெட் போட்டது கிடையாது, வெறுமனே அழுத்திச் செருகியது. நாற்பது ஐம்பது வருடச் சூட்டில் தளர்ந்து ஒருநாள் ஹோஸோடு சேர்ந்து கழன்று வரும். பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், ஒரு சாண் தூரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் பொறி அடித்துக்கொண்டிருக்கும். இன்ஜின் கேஸ் மக்னீசியம் கலந்த உலோகம், அது பற்றிக்கொண்டால் வெள்ளையாக எரியும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். அதனால் குழாயை இழுத்துப் பாருங்கள், ஆடினால் த்ரெட் வெட்டித் திருகும் வகையைப் போடுங்கள். ஃபில்டரை இன்ஜின் பக்கம் தொங்கவிடாமல் டேங்க்குக்குக் கீழே வையுங்கள். கை எட்டும் இடத்தில் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று.

பிரேக்கில் யோசிக்கவே வேண்டாம், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாமே புதிது. அதற்காகப் பின் டிரம்மைக் கழற்றும்போது 36 மில்லிமீட்டர் நட் ஒன்று உங்களோடு மல்லுக்கு நிற்கும், மூன்றடிக் குழாயைச் செருகி ஏறி நின்றால்தான் அசையும். திரும்பப் பூட்டும்போது அதே மரியாதை கொடுக்க வேண்டும்: 217 ஃபுட் பவுண்டு. நான் கொடுக்கவில்லை. டார்க் ரென்ச் அவ்வளவு அளவுக்கு என்னிடம் இல்லை, "இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்று காட்டர் பின் போட்டு மூடிவிட்டேன். கிளாமிஸில் இரண்டாம் நாள் மாலை, ஒரு மேட்டில் பாதி ஏறியபோது இன்ஜின் கதறுகிறது, வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் ஆக்ஸில் மட்டும் டிரம்முக்குள் சும்மா சுற்றுகிறது. லேசான தளர்ச்சியிலேயே டிரம்மின் ஸ்ப்ளைன் பற்களைச் சீவித் தள்ளிவிட்டது. முகம் தெரியாத ஒரு பெரியவர் கயிறு கட்டி இழுத்துக் கொண்டுவந்து விட்டார், அவ்வளவு தூரமும் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. இன்னொன்று, இடது முன் சக்கரத்தின் ஸ்பிண்டில் நட் எதிர்த் த்ரெட். வழக்கமான பக்கம் திருப்பி இறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

ஒயரிங் பெரும்பாலும் நூடுல்ஸாக இருக்கும். பழைய ஃபோக்ஸ்வாகனில் பிரவுன் நிறம் எர்த், சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி போட்டால் வருவது. இதைக்கூடக் கவனிக்காமல் யாரோ எர்த்தைக் கறுப்பிலும் லைட்டைப் பிரவுனிலும் கொடுத்திருப்பார்கள். சரிபார்ப்பதை விடப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுப்பது வேகம், பக்கிக்குத் தேவை எட்டு பத்து ஒயர்தான். இன்னொரு விஷயம், ஃபைபர்கிளாஸ் மின்சாரம் கடத்தாது, ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயர் தனியாகப் போக வேண்டும். விளக்கு மங்கலாக எரிந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்.

பெயின்ட் கடைசி. பாடியில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி விரிசல் இருக்கும், மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரே சீசனில் திரும்ப வரும். விரிசல் முடியும் வரை தேய்த்து எடுத்து, பின்பக்கம் ஃபைபர்கிளாஸ் மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் வைத்து, அப்புறம் முன்பக்கம். மாஸ்க் இல்லாமல் தேய்க்காதீர்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாலும் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டுதான் இருப்பீர்கள். பாடியில் அந்தக் காலத்து ஜிகினாத் தூள் கலந்த நிறம் இருந்தால் தயவுசெய்து மேலே பெயின்ட் அடித்து மூடாதீர்கள், பாலிஷ் போட்டுப் பாருங்கள்.

கிளாமிஸுக்கு, அதாவது இம்பீரியல் மணல்மேட்டுக்கு, அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பெர்மிட் வேண்டும், முன்கூட்டியே வாங்கினால் மலிவு. தரையிலிருந்து எட்டடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும். மேட்டின் அந்தப் பக்கம் வருகிறவர் உங்களைப் பார்க்க அது ஒன்றுதான் வழி. பின்னால் துடுப்பு டயர் (மணலைத் தள்ளக் குறுக்கே பட்டை வைத்தது), அதிலும் காற்றை நன்றாகக் குறைத்து. ஒரு ஃபேன் பெல்ட் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், டைனமோவும் கூலிங் ஃபேனும் அந்த ஒரு பெல்ட்டில்தான் ஓடுகின்றன, அறுந்தால் இன்ஜினை அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

இந்தக் குளிர்காலத்துக்குள் முடியுமா என்றால், வாரக் கடைசி மட்டும் வேலை பார்த்தால் பிப்ரவரி சாத்தியம், டிசம்பர் ஆசை. விலை: டைட்டில் கைக்கு வந்து எண்ணும் பொருந்தினால் 2,500இல் ஆரம்பியுங்கள், வெல்டிங்கும் புல்லியும் பாஸானால் 3,000 வரை போகலாம். சனிக்கிழமை போகும்போது சீட்டுக்குப் பின்னால் டனல் மேலே, கியர் ராடு இணைப்பு மூடிக்குப் பக்கத்தில் அடித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். 117 என்று ஆரம்பித்தால் 1967 மாடல், 119 என்றால் 1969, அப்படி மூன்றாவது இலக்கத்தை வைத்தே வருடம் சொல்லிவிடலாம். பெயின்ட் மூடியிருந்தால் பெயின்ட் ரிமூவரைத் துணியில் நனைத்துத் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து எழுந்து தெரியும். கிரைண்டரை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அந்த எண் அழிந்தால் டைட்டில் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.